பென் டிரைவ் காட்ட மாட்டேங்குது: நாமளே பாக்கவா, கடையில கொடுக்கவா, டேட்டா மீட்டுத் தாற லேபுக்கு அனுப்பவா, இல்ல விட்டுரவா?

இந்த மழ தொடங்குனதுல இருந்து கடைக்கு வாறவங்க கேக்குதது ஒரே கேள்விதான், பென் டிரைவ் சொருகுனா கம்ப்யூட்டர் ஒண்ணுமே காட்டல, என்ன செய்யன்னு. தக்கலை பக்கத்துல டிடிபி, பிரிண்ட், ஸ்கேன்னு சின்னதா ஒரு கடை வச்சிருக்கேன், தினமும் பலபேருக்க பென் டிரைவ் என் கைக்கு வரும், அதனால இந்த வெப்ராளம் எனக்கு நல்லா தெரியும்.

போன வாரம் மட்டும் மூணு பேரு. குலசேகரத்துல இருந்து ஒரு தம்பி, இன்ஜினியரிங் கடைசி வருஷம், புராஜெக்ட் முழுசும் அதுலதான் இருக்கு, ரெண்டு நாள்ல வைவா. மார்த்தாண்டத்துல எனக்க மாமா மகன், கல்யாண வீடியோ இருந்த 64 ஜிபி டிரைவ். மூணாவது மணவாளக்குறிச்சியில இருந்து ஒரு அக்கா, பென் டிரைவ கைலேஞ்சியில பொதிஞ்சு கொண்டு வந்தாங்க. "எனக்க அம்மைக்க குரலு இதுல மட்டுந்தான் உண்டு தம்பி, நீ ஃபார்மேட் மட்டும் பண்ணிராத"ன்னாங்க.

மூணு பேருக்கும் கோளாறு வெளிய ஒண்ணு போலதான், ஆனா மூணுக்கும் நான் சொன்ன வழி வேற வேற. ஏன்னா இதுல எந்த வழி நல்லதுங்கத விட எத முதல்ல செய்யுதோம்ங்கதுதான் பெருசு. வேற காப்பி தேடுனா எந்த வழியும் அடையாது. ஃபார்மேட் பண்ணிட்டா பாதி வழி அங்கயே அடஞ்சிரும், தப்பான கடையில கொடுத்தா மொத்தமும் அடஞ்சிரும். அதனால எத வச்சு முடிவு பண்ணணும்னு முதல்ல சொல்லுதேன், பொறவு ஒவ்வொரு வழியா பாப்போம்.

எத வச்சு முடிவு பண்ண?

முதல் கேள்வி டிரைவ பத்தினதே இல்ல, உள்ள இருக்கது வேற எங்கயாவது உண்டாங்கதுதான். பாட்டும் சினிமாவும்னா நஷ்டம் டிரைவுக்க விலை மட்டும். செத்துப்போன அம்மைக்க குரலுன்னா அதுக்கு விலையே கிடையாது.

ரெண்டாவது, கம்ப்யூட்டர் அந்த டிரைவ எந்த அளவுக்குக் கண்டுபிடிக்குதுங்கது. "காட்டல"ன்னு நாம சொல்லுதது மை கம்ப்யூட்டர்ல காட்டலங்கதத்தான், ஆனா விண்டோஸ் உள்ளுக்குள்ள அத பாத்துக்கிட்டேகூட இருக்கலாம், அத கீழ சொல்லுதேன்.

மூணாவது, செய்யப்போற காரியத்த திரும்ப மாத்த முடியுமா. போர்ட் மாத்திப் பாத்தா ஒண்ணும் கெடாது, ஆனா டிரைவ்ல எதயாவது எழுதுத காரியம் எதுவா இருந்தாலும் கொஞ்சம் நின்னு யோசிக்கணும். நாலாவது பைசா, நேரம், அலைச்சல். அஞ்சாவது எல்லாரும் மறந்துபோறது, உள்ள ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்புக், வீட்டுப் பொம்பளப் பிள்ளைங்க போட்டோ இருந்தா அத முன்ன பின்ன தெரியாதவங்க கையில கொடுக்க நமக்கு மனசு வருமாங்கது.

எந்த வழிக்கும் முன்னாடி ஒரு கால் மணிக்கூர்

இத வழின்னு எண்ணல, ஏன்னா எல்லாரும் செய்யணும், டேட்டாவுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. கேபினெட்டுக்க முன்பக்க போர்ட்ல சொருகியிருந்தா பின்பக்கம் மதர்போர்டுல நேரா சொருகிப் பாருங்க. முன்பக்கம் ஒரு ஒயர் வழியாத்தான் வருது, அது லூசா இருக்க கம்ப்யூட்டர நான் நெறய பாத்திருக்கேன். ஹப், எக்ஸ்டென்ஷன் ஒயர் இருந்தா எடுத்திருங்க. பொறவு வேற ஒரு கம்ப்யூட்டர், முடிஞ்சா ஓடிஜி (பென் டிரைவ போன்ல சொருகுத அடாப்டர்) போட்டு போன்லயும். வேற கம்ப்யூட்டர்ல தெரிஞ்சா பெரும்பாலும் டிரைவ் மேல குத்தம் இல்ல, முதல்ல ஃபைல அதுல காப்பி எடுங்க, உங்க கம்ப்யூட்டர பொறவு பாக்கலாம்.

நம்ம மாவட்டத்துல இன்னொண்ணும் உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடின்னு கடலோரமா இருக்க வீடுகள்ல உப்புக்காத்து எல்லாத்தயும் அரிக்கும், இரும்பு ஜன்னல் கம்பிய தின்னுத காத்து பென் டிரைவ் மூக்க விட்டு வைக்குமா? அந்த மூக்குக்குள்ள எட்டிப் பாருங்க, தங்க நிறத்துல நாலு பட்டை இருக்கும், ஓரத்துல உள்ள ரெண்டும் கரண்டுக்கு, நடுவுல உள்ள ரெண்டும் டேட்டாவுக்கு. நீலமூக்கு டிரைவ்ல உள்பக்கமா இன்னும் அஞ்சு உண்டு. பட்டையில பச்சையோ கருப்போ படிஞ்சிருந்தா மொபைல் சர்வீஸ் கடையில வச்சிருக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு பஞ்சுல தொட்டு மெதுவா தொடைங்க, நல்லா காஞ்ச பொறவு சொருகுங்க. பிளேடு வச்சு சுரண்டாதீங்க.

இதுக்கும் வரலன்னா விண்டோஸ் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்க. திறந்த உடனே "இனிஷியலைஸ் பண்ணவா"ன்னு ஒரு பெட்டி வந்தா கேன்சல். "ஃபார்மேட் பண்ணணும்"னு வந்தாலும் கேன்சல். பொறவு கீழ்ப்பகுதியில உங்க டிரைவ் எப்படி நிக்குதுன்னு பாருங்க.

| அங்க தெரியுதது | என்ன அர்த்தம் | எந்தப் பக்கம் போக |
|---|---|---|
| அளவு சரி, ஹெல்தின்னும் இருக்கு, ஆனா டிரைவ் எழுத்து இல்ல | விண்டோஸ் பேரு வைக்கல, அவ்வளவுதான் | நாமளே, அஞ்சு நிமிஷம் |
| அளவு சரி, ஆனா ரா (RAW)ன்னு போட்டிருக்கு | ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்க இருக்குன்னு உள்ள கணக்கு) கெட்டிருக்கு, ஃபைல் பெரும்பாலும் உள்ளதான் இருக்கும் | ரெக்கவரி சாஃப்ட்வேர் |
| கருப்புப் பட்டை, அன்அலோகேட்டட் | பார்ட்டிஷன் (டிரைவ்ல பிரிச்ச பகுதி) விவரம் போயிருக்கு | ரெக்கவரி சாஃப்ட்வேர் |
| நோ மீடியா | கன்ட்ரோலர் (டிரைவ நடத்துத சிப்) பதில் சொல்லுது, மெமரி சிப் பேச மாட்டேங்குது | லேப், இல்ல விட்டுருதது |
| ஒண்ணுமே இல்ல, அல்லது வந்து வந்து போகுது | கனெக்டர், சோல்டர், போர்டு | மைக்ரோஸ்கோப் வச்சிருக்க கடை |

ரா பத்தி ஒரு வார்த்தை. மேக்குக்கோ லினக்ஸுக்கோ உள்ள வடிவத்துல ஃபார்மேட் பண்ணுன டிரைவ விண்டோஸ்ல சொருகுனாலும் படிக்கத் தெரியாம ஃபார்மேட் பண்ணச் சொல்லும். டிரைவ் யாருகிட்ட இருந்து வந்துதுன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, அதுல ஒரு கேடும் இல்லாமலே இருக்கலாம்.

வழி 1: வேற காப்பி தேடுதது

யாரும் இத ஒரு வழியாவே நினைக்கது இல்ல, ஆனா ரிப்பேருக்கு ஒரு ரூபா செலவழிக்குதுக்கு முன்னாடி நான் கேக்குதது இதத்தான். கல்யாண வீடியோன்னா ஸ்டூடியோவுக்கு அன்னைக்கே போன் பண்ணுங்க, அவங்க ஹார்டு டிஸ்க்ல கொஞ்ச காலம் வச்சிருப்பாங்க, இடம் பத்தலன்னா அழிச்சிருவாங்க, அதனால நாள் கடத்தாதீங்க. மார்க் ஷீட்னா டிஜிலாக்கர்ல பாருங்க, பத்தும் பன்னெண்டும் அங்க கிடைக்கும். ஆதார் மறுபடி டவுன்லோடு பண்ணிக்கலாம், பட்டாவும் வில்லங்கமும் அரசு இணையதளத்துலயே எடுக்கலாம். அனுப்புன மெயில், கூகுள் போட்டோஸ், பிரிண்ட் போட்ட கடைக்க கம்ப்யூட்டர், எல்லாம் தேடுங்க.

இதுல மறைஞ்சிருக்க செலவு என்னன்னா தரம். வாட்ஸாப்ல வீடியோவா அனுப்புனது சுருங்கிப் போயிருக்கும், டாக்குமென்ட்டா அனுப்பியிருந்தாத்தான் அசல் அப்படியே இருக்கும்.

மார்த்தாண்டம் மாமா மகனுக்கு இதுதான் கைகொடுத்துது. அவனுக்க டிரைவ் நோ மீடியா, வீட்டுல எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் பிரயோஜனம் கிடையாது. ஸ்டூடியோவுல கேட்டா முழு வீடியோவும் இருக்கு, அடுத்த மாசம் அழிக்க வச்சிருந்தாங்களாம். ரிசப்ஷன்ல கூட்டுக்காரங்க போன்ல எடுத்த கிளிப்பு மட்டும் போச்சு, அதயும் குரூப்ல கேட்டு பாதி சேத்துட்டான்.

வழி 2: நாமளே சரி பண்ணுதது

எழுத்து இல்லாத கேஸ்னா அந்த இடத்துல ரைட் கிளிக், டிரைவ் லெட்டர் மாத்துத ஆப்ஷன், ஆட் பண்ணி ஒரு எழுத்து கொடுங்க, தீந்துது. டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது.

அடுத்தது டிரைவ் திறக்குது ஆனா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா நிக்குது, இல்ல காலியா காட்டுது, ஆனா இடம் மட்டும் நிறைஞ்சிருக்கு. பல கம்ப்யூட்டர்ல சொருகி எடுத்த டிரைவுக்கு வாற வைரஸ் இது, ஃபைல மறைச்சு வச்சிட்டு போலி ஷார்ட்கட் போடும். அந்த ஷார்ட்கட்ட கிளிக் பண்ணவே செய்யாதீங்க. முதல்ல ஆன்டிவைரஸ் ஓட்டுங்க, பொறவு கமாண்ட் பிராம்ப்ட்ல ஆட்ரிப் (attrib) கமாண்டால மறைப்ப எடுத்தா எல்லாம் வெளிய வரும்.

டிரைவர் (பென் டிரைவ விண்டோஸோட பேச வைக்குத சாஃப்ட்வேர்) கோளாறா இருக்குமோன்னு தோணுச்சுன்னா டிவைஸ் மேனேஜர்ல அந்த யுஎஸ்பி டிவைஸ அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, டிரைவ உருவி, ரீஸ்டார்ட் பண்ணி, மறுபடி சொருகுங்க, விண்டோஸே டிரைவர தானா போட்டுக்கும். இதுக்குன்னு பைசா கேக்குத டிரைவர் அப்டேட் சாஃப்ட்வேர் எதயும் வாங்காண்டாம்.

இந்த வழியில பயப்பட வேண்டியது செக் டிஸ்க்குக்கு. வீடியோவுல எல்லாம் முதல்ல அத ஓட்டச் சொல்லுதாங்க. அது ஃபைல் சிஸ்டத்த சரி பண்ணுததுக்காக டிரைவ் மேல எழுதும், கெட்டுப்போன ஃபைல துண்டு துண்டா சிஎச்கே ஃபைலா போட்டு வச்சிரும். காப்பி இருந்தா ஓட்டுங்க, உள்ள இருக்கது வேணும்னா முதல்ல அடுத்த வழிக்குப் போங்க.

வழி 3: வீட்டுல ரெக்கவரி சாஃப்ட்வேர்

ரா, அன்அலோகேட்டட், தெரியாம அழிச்சது, குயிக் ஃபார்மேட் ஆனது, இதுக்கெல்லாம் நல்ல வழி, அதுவும் பைசா இல்லாம. நான் நம்பி வச்சிருக்கது டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ரெண்டும், முழுசும் ஃப்ரீ. டெஸ்ட்டிஸ்க் தொலஞ்ச பார்ட்டிஷன தேடித் தரும், வந்தா ஃபைல் பேரோட வரும். ஃபோட்டோரெக் ஃபைல் சிஸ்டத்த கண்டுக்காம நேரா சிப்புல இருக்கத படிச்சு, இது ஜேபெக், இது பிடிஎஃப்னு வடிவத்த வச்சு உருவும். ஆனா பேரு எல்லாம் போயிரும், எஃப்புக்குப் பொறவு ஒரு நம்பர் மட்டும் இருக்கும். நாலாயிரம் போட்டோவுல நமக்கு வேண்டியத தேடுத நேரம்தான் இதுக்க மறைஞ்ச செலவு.

டிரைவ ஸ்கேன் பண்ணுத நேரமும் உண்டு. செகண்டுக்கு 20 எம்பி படிக்குத பழைய டிரைவ்னா 64 ஜிபி முழுசும் படிக்க ஒரு மணிக்கூர் கிட்ட ஆகும், கரண்ட் போற நாள்ல லேப்டாப்ல பண்ணுங்க.

ரெண்டு காரியம் கட்டாயம். மீட்ட ஃபைல அதே பென் டிரைவ்ல சேவ் பண்ணாதீங்க, இன்னும் மீட்காதது மேல எழுதி அது அழிஞ்சிரும். டிரைவ் தொட முடியாத சூடு ஆனாலோ, நடுவுல தொங்கித் தொங்கி நின்னாலோ அங்கயே நிறுத்துங்க, அது சாஃப்ட்வேர் கேஸ் இல்ல. கொஞ்சம் தைரியம் உள்ளவங்க லினக்ஸ்ல டிடிரெஸ்கியூ வச்சு டிரைவ முழுசா ஒரு இமேஜ் ஃபைலா (போட்டோ இல்ல, டிரைவுக்க அச்சு அசல் நகல்) எடுத்துட்டு, பொறவு எல்லா ஆராய்ச்சியயும் அந்த இமேஜ் மேல பண்ணலாம், சாகப்போற டிரைவ ஒரே ஒரு தடவ படிச்சா போதும். பைசா வாங்குத சாஃப்ட்வேர் பல ஃப்ரீன்னு இறங்கி, ஸ்கேன் பண்ணி ஃபைல் எல்லாம் காட்டி, சேவ் அமுக்கும்போதுதான் பைசா கேக்கும். அதயும் டிரைவ்ல பாதி வேலை முடிஞ்ச பொறவுதான் சொல்லும்.

குலசேகரம் தம்பிக்கு ரா. டெஸ்ட்டிஸ்க்ல பார்ட்டிஷன் வரல, ஃபோட்டோரெக்ல வேர்டு ஃபைல் அம்பதுக்கு மேல வந்துது, ராத்திரி இருந்து ஒவ்வொண்ணா திறந்து பாத்து ரிப்போர்ட்ட கண்டுபிடிச்சான். கடைசி ரெண்டு பக்கம் இல்ல, கைடுக்கு அனுப்புன மெயில்ல இருந்து அதயும் ஒட்டுனான்.

வழி 4: நம்ம ஊரு கடை

இங்கதான் அதிகமா நல்லதும் நடக்குது, அதிகமா கெட்டதும் நடக்குது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன். கடையில ரெண்டு வகை உண்டு. ஒண்ணு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி, விண்டோஸ் போட்டுத் தாற கடை. இன்னொண்ணு மொபைல் போர்டுல மைக்ரோஸ்கோப்ப வச்சு சோல்டர் பண்ணுத ஆளு. பென் டிரைவ் மூக்கு ஒடிஞ்சது, ஆடுனா வருது ஆடாட்டா போகுதுங்கதுக்கு ரெண்டாவது ஆளுதான் சரி.

முதல் வகை கடையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு நடந்தது, சாயங்காலம் போன் பண்ணி "டிரைவ் ரெடி"ன்னாங்க, போய்ப் பாத்தா ரெடிதான், ஆனா காலி. கன்ட்ரோலர் கம்பெனி டூல்னு ஒண்ணு உண்டு, தொழிற்சாலையில டிரைவ முதல் தடவ உருவாக்குத அதே சாஃப்ட்வேர், அத ஓட்டுனா செத்த டிரைவ் எழுந்திரும், உள்ள இருந்த எல்லாம் போயிரும். அவங்க ஏமாத்தல, டிரைவ் சரியாகணும்னு கேட்டோம், சரி பண்ணிட்டாங்க. நாம கேட்டதுதான் தப்பு.

அதனால கொடுக்கும்போது இப்படிச் சொல்லுங்க: "டிரைவ் சரியாகாண்டாம், உள்ள இருக்கது மட்டும் வேணும், ஃபார்மேட் பண்ணப்பிடாது, டூல் எதுவும் ஓட்டப்பிடாது, முடியலன்னா அப்படியே திருப்பித் தாங்க." பில்லுலயும் எழுதச் சொல்லுங்க. கூடவே காலியா ஒரு பென் டிரைவ் கொடுங்க, உங்க ஃபைல அவங்க கம்ப்யூட்டர்ல வச்சு எடுக்காம நேரா அதுல எடுக்க. சொந்தப் போட்டோ இருந்தா முன்னாடி உக்காந்திருந்து எடுங்க, சங்கடம் ஒண்ணும் இல்ல, நல்ல ஆளு தப்பா எடுக்க மாட்டாரு.

மணவாளக்குறிச்சி அக்காவுக்க டிரைவ நான் சொருகுனப்ப சின்னதா ஒரு லைட் எரிஞ்சுது, கம்ப்யூட்டர் ஒரு சத்தம் கொடுத்துது, உடனே போன சத்தமும் கொடுத்துது. மூக்க ஒரு விரலால லேசா கீழ அமுக்குனா ரெண்டு செகண்டு டிரைவ் தெரியுது. கைய எடுத்தா போச்சு. அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே காப்பி பண்ணிரலாமோன்னு கை துடிச்சுது, ஆனா பண்ணல, காப்பி நடுவுல கனெக்ஷன் விட்டு விட்டு வந்தா இருக்கதும் கெட்டுப்போகும். பிளாஸ்டிக் கூட்ட கழட்டி லென்ஸ் வச்சுப் பாத்தேன், மூக்குக்க நாலு கால்ல ஒண்ணைச் சுத்தி முடி அளவுக்கு வட்டமா ஒரு விரிசல், பக்கத்துல உப்பு பூத்து பச்சையா ஒரு பொட்டு. சிப்புல ஒரு கீறல்கூட கிடையாது.

நாகர்கோவில்ல போர்டு வேலை பாக்குத ஒரு ஆளுகிட்ட நானே கொண்டு போனேன். பழைய யுஎஸ்பி ஒயர்ல இருந்து நாலு நூலு உருவி போர்டுல நேரா பத்த வச்சாரு, ஒரு சாயா குடிக்குத நேரம்தான், டிரைவ் நின்னுது. பதினோரு ஆடியோ ஃபைல். அக்கா முன்னாடியே ஹெட்போன் போட்டு ஒண்ண திறந்தேன், அம்மை செபமாலை சொல்லுதாங்க, நடுவுல "ச்சூ"ன்னு கோழிய வெரட்டிட்டு விட்ட இடத்துல இருந்தே மறுபடியும் சொல்லுதாங்க. அன்னைக்கே மூணு இடத்துல காப்பி வச்சுட்டுத்தான் அக்காவ அனுப்புனேன்.

வழி 5: சென்னை, பெங்களூரு லேப்

நோ மீடியான்னா, இல்ல போர்டு ரெண்டா ஒடிஞ்சுதுன்னா, உள்ள இருக்கது வேற எங்கயும் இல்லன்னா இதுதான் வழி. மெமரி சிப்ப தனியா கழட்டி படிச்சு, கன்ட்ரோலர் எந்த முறையில டேட்டாவ கலைச்சுப் போட்டிருக்கோ அத திருப்பிக் கோர்க்கணும். நகம் அளவுக்கு சின்னதா வாற டிரைவ்ல கன்ட்ரோலரும் மெமரியும் ஒரே துண்டுக்குள்ள இருக்கும், அதுல மெல்லிசா ஒயர் இழுத்துப் படிக்கணும், வேலை கூடும், பைசாவும் கூடும். பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் பண்ணுத டிரைவ்னா சிப்ப கழட்டியும் பெரும்பாலும் பிரயோஜனம் இல்ல.

செலவு ஆயிரக்கணக்குல, சில நேரம் பல ஆயிரம். அது வெளிய தெரியுத செலவு. பாக்குததுக்கே தனி சார்ஜ் உண்டா, கிடைக்கலன்னா பைசா இல்லன்னு சொன்னா அதுக்கு என்ன நிபந்தனை, கிடைச்ச ஃபைல் லிஸ்ட்ட பைசா கட்டுததுக்கு முன்னாடி காட்டுவாங்களா, இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. ஏற்கெனவே கடையில சூடு வச்ச டிரைவ்னா சில லேப் எடுக்கவே மாட்டாங்க, எடுத்தாலும் ரேட் கூடும். அதனால லேபுக்குத்தான் போவோம்னு மனசுல இருந்தா உள்ளூர்ல யாரையும் தொட விடாதீங்க.

கூரியர்ல அனுப்புனா சின்ன கெட்டி டப்பாவுல பஞ்சு வச்சு, ஆடாம. எனக்கு கேட்டா, மனசுக்கு அவ்வளவு பெரிய பொருள்னா கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரி ஏறி நேர்ல கொண்டு கொடுக்கதுதான் நிம்மதி.

வழி 6: விட்டுருதது

உள்ள இருக்கது போனாலும் பரவால்லன்னா இதுதான் சரியான முடிவு, இதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. டிரைவ் தெரியுதுன்னா ஃபார்மேட் பண்ணி எக்ஸ்ஃபேட் போடுங்க, பழைய டிவி, கார் ஸ்டீரியோவுக்குன்னா ஃபேட்32, ஆனா அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது. ஒரு தடவ காரணம் தெரியாம செத்துப் பிழைச்ச டிரைவ்ல பாட்டத் தவிர ஒண்ணும் வைக்காதீங்க.

தெரியவே இல்லன்னு குப்பையில போடுதீங்கன்னா, கம்ப்யூட்டருக்கு தெரியலன்னாலும் சிப்புல உள்ளது அப்படியேதான் இருக்கும், உள்ள ஆதாரோ பேங்க் பேப்பரோ இருந்துதுன்னா கருப்பு சிப்ப சுத்தியலால உடைச்சுட்டு போடுங்க. மாமா மகன் அப்படித்தான் பண்ணுனான்.

புதுசு வாங்கும்போது திருவிழாக் கடையிலயும் ஆன்லைன்லயும் சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட்னு தொங்குதத எடுக்காதீங்க. அது உண்மையில சின்ன சிப்புதான், அளவ மட்டும் பொய்யா காட்டும், நிறையும்போது பழைய ஃபைல் மேலயே எழுதும். எந்த டிரைவ் வாங்குனாலும் முதல் நாள் காலியா இருக்கும்போதே எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டி முழு அளவும் உண்மையான்னு பாருங்க, தப்பா இருந்தா பில்லோட அன்னைக்கே திருப்பிக் கொடுத்திரலாம்.